மிஸஸ் ஆலிஃபன்ட் நிறைய எழுதினார்

விக்டோரியா கால நாவலாசிரியைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மார்கரெட் ஆலிஃபன்டின் பெயர் கடைசியில்தான் வரும். வந்தாலும் கூடவே ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வரும்: அளவுக்கு மீறி எழுதிக் குவித்தார், அதனால் எதுவுமே உயரத்துக்குப் போகவில்லை. ஏறத்தாழ நூறு நாவல்கள், வாழ்க்கை வரலாறுகள், பேய்க்கதைகள், எடின்பரோவிலிருந்து வந்த பிளாக்வுட் என்ற இலக்கியப் பத்திரிகையில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள். எண்ணிக்கையைச் சொன்ன உடனே தீர்ப்பும் சொல்லியாயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்ப நாளாகவே செரிக்கவில்லை. அவர் குறைவாக எழுதியிருந்தால் நன்றாக எழுதியிருப்பார் என்று சொல்பவர்கள், எங்கோ இன்னொரு மிஸஸ் ஆலிஃபன்ட் இருந்ததைப் போலவும், அவரை இவர் நசுக்கிவிட்டதைப் போலவும் பேசுகிறார்கள். அந்த இன்னொருவரை யாரும் பார்த்ததில்லை. நமக்குக் கிடைத்திருப்பவர் இவர்தான்.

தீர்ப்புகளிலேயே கடுமையானது பிற்காலத்து ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப் சொன்னது. 1938ல் வந்த 'த்ரீ கினிஸ்' நூலில் அவர் நம்மை மிஸஸ் ஆலிஃபன்டின் தன்வரலாற்றைப் படிக்கச் சொல்கிறார். பிறகு அவருடைய நாவல்களையும் கட்டுரைகளையும் படிக்கச் சொல்கிறார். படித்து முடித்ததும், இந்தப் பெண் பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தன் அருமையான மூளையை விற்றுவிட்டாரே, அறிவுச் சுதந்திரத்தை அடிமைப்படுத்திவிட்டாரே என்று வருத்தமாக இல்லையா என்று கேட்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் வுல்ஃப் நிறுத்தவில்லை. குழந்தைகளுக்குச் சோறும் துணியும் கல்வியும் தரவேண்டிய கட்டாயத்தில் அவர் எடுத்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும், அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும் என்றும் அடுத்தே எழுதியிருக்கிறார். அவருடைய கோபம் மிஸஸ் ஆலிஃபன்ட் மீது இல்லை, அவரை அப்படி எழுதவைத்த நிலைமை மீதுதான். அதில் எனக்கும் சண்டை இல்லை. என்னை உறுத்துவது, படிக்கச் சொல்லி அவர் கொடுத்த பட்டியல். அதில் அவருடைய சிறந்த படைப்புகளான கார்லிங்ஃபோர்ட் வரிசைக் கதைகள் இல்லை, 'ஹெஸ்டர்' நாவல் இல்லை. வாடிப்போனவற்றை மட்டும் பொறுக்கிக் கையில் கொடுத்தால் எந்தத் தோட்டமும் வாடித்தான் தெரியும். அத்தையின் சொத்து கைக்கு வந்த பிறகு, ஆண்டுக்கு 500 பவுண்டும் தனி அறையும் வேண்டும் என்று எழுத முடிந்தவர் வுல்ஃப். அவர் கேட்டது நியாயமான கோரிக்கைதான். அது கிடைக்காதவர்கள் எழுதியதை எப்படிப் படிப்பது என்பது வேறு விஷயம்.

கடனும் கைக்குழந்தையும்

மார்கரெட் 1828ல் ஸ்காட்லாந்தின் வாலிஃபோர்டில் பிறந்தவர். அம்மா நோயில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, பொழுதுபோக்காகக் கதை எழுதத் தொடங்கினார். 1849ல் முதல் நாவல் வந்தது. அதற்கு 150 பவுண்டு கிடைத்தது. 1852ல் தாய்வழி உறவினரான ஃபிராங்க் ஆலிஃபன்டை மணந்தார். அவர் வண்ணக் கண்ணாடிச் சாளரக் கலைஞர். சொந்தப் பட்டறை வைத்தார், அதில் பணம் போயிற்று. பிறந்த குழந்தைகளில் சிலர் கைக்குழந்தைகளாகவே இறந்தார்கள். அப்புறம் ஃபிராங்குக்குக் காசநோய். 1859ல் வெயிலைத் தேடிக் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார்கள். அந்த அக்டோபரில் ரோமில் அவர் இறந்தார். பிழைக்க வழியில்லை என்பது இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. அதற்காகத் தான் பட்ட கோபத்தையும் காயத்தையும் மார்கரெட் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கைம்பெண் என்றால் உருகி நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில் அப்படி எழுதுவது சின்ன விஷயமில்லை.

அப்போது அவருக்கு 31 வயது. வயிற்றில் ஒரு குழந்தை, கையில் இரண்டு. தன்னிடம் அன்று இருந்ததை அவரே கணக்குப் போட்டுச் சொல்கிறார்: ஏறத்தாழ 1000 பவுண்டு கடன், கணவர் பெயரில் 200 பவுண்டு அளவுக்குக் காப்பீடு, கிடங்கில் போட்டு வைத்த வீட்டுச் சாமான்கள், அப்புறம் தன் திறமை. வரவு செலவுக் கணக்கில் தன் மூளையையும் ஓர் இருப்பாக எழுதிக்கொள்ளும் அந்த வரியில் புலம்பலும் இல்லை, பெருமையும் இல்லை.

எடின்பரோவில் ஓர் இரவு

ரோமிலிருந்து திரும்பியவர் சில மாதங்களில் எடின்பரோவில் ஃபெட்டஸ் ரோ என்ற தெருவில் குடியேறினார். பிளாக்வுட் பத்திரிகையின் அலுவலகம் ஜார்ஜ் தெருவில், மேட்டின் மேலே. கணவர் இறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியவர்தான். ஆனால் அந்தக் காலகட்டத்தில் அவர் அனுப்பியவை திரும்பி வந்துகொண்டிருந்தன. இவர் துக்கத்தில் இருப்பது பதிப்பாளர்களுக்குத் தெரியும், இவர் மேல் பிரியமும் உண்டு. ஆனால் எழுத்து அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. ஒரு தொடர்கதை எழுதித் தருகிறேன் என்று கேட்க, 1860க்கும் 1861க்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில் ஒருநாள் அவர் மேடேறிப் போனார். ஜான் பிளாக்வுட்டும் அவருடைய அண்ணன் மேஜர் பிளாக்வுட்டும் அங்கே இருந்தார்கள். இருவரும் இரக்கத்தோடுதான் பேசினார்கள். ஆனால் அந்தக் கதையை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள்.

தன்வரலாற்றில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் இதுதான். அவர் அங்கே அழவில்லை. நீங்கள் சொல்வது சரி, என்னை எண்ணி நீங்கள் முடிவெடுக்க வேண்டாம் என்று அவர்களைத் தேற்றுகிற தொனியில் பேசிவிட்டு இறங்கி வருகிறார். வீட்டில் குழந்தைகள் குதூகலமாக இருக்கிறார்கள். மாலை முழுக்க அவர்களோடு விளையாடுகிறார். அந்த நேரத்து மனநிலையை ஒருவகை உற்சாகமான விரக்தி என்கிறார். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒரு கதை எழுதுகிறார். அதுதான் 'தி எக்ஸிக்யூட்டர்'. 1861 மே மாதம் அதே பிளாக்வுட்டில் வெளியானது. கார்லிங்ஃபோர்ட் என்ற கற்பனை ஊரைப் பற்றிய வரிசை முழுவதும் அந்த ஒரு கதையிலிருந்துதான் முளைத்தது.

அந்த ராத்திரி எழுதியது என்ன கதை என்று பாருங்கள். ஒரு கிழவி இறந்துபோகிறாள். அவளுடைய பணம் தங்களுக்கு வரும் என்று ஏழைத் தாயும் மகளும் நம்பியிருக்கிறார்கள். உயிலைத் திறந்தால் பணம் வேறு பக்கம் போயிருக்கிறது. மகள் பெஸ்ஸி வழக்கம்போல பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறாள். வரும் என்று நினைத்த பணம் வரவில்லை என்று கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே, அதையே கதையாக எழுதியிருக்கிறார். பணத்தேவை ஒரு பக்கமும் கலை இன்னொரு பக்கமுமாக இழுத்தன, கலை தோற்றது என்பதுதான் வழக்கமான கதை. அந்த ராத்திரியில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பணமே பொருளாகவும் உந்துதலாகவும் கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'தி எக்ஸிக்யூட்டர்' பெரிய கதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவரை அவர் எழுதியவற்றில் இல்லாத ஒரு திடம், பணத்தைப் பற்றிக் கூசாமல் பேசும் ஒரு குரல், அதில் கிடைத்துவிட்டது.

அதே 1861ல் தொடங்கிய 'த டாக்டர்ஸ் ஃபேமிலி'யில் அந்தக் குரல் முழுதாக வெளிப்படுகிறது. நெட்டி என்று ஒரு சின்னப் பெண். ஆஸ்திரேலியாவிலிருந்து தன் அக்காவையும் அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அங்கே சீரழிந்துவிட்டு ஊர் திரும்பிய அக்கா புருஷனைத் தேடி வருகிறாள். அந்த ஆள் குடிகாரன். கையில் இருக்கும் தன் சொற்பப் பணத்தில் அத்தனை பேருக்கும் சோறு போடுகிறாள். ஊரார் அவளைத் தியாகி என்று புகழும்போது அவளுக்குப் பிடிப்பதில்லை. செய்யவேண்டிய வேலை, வேறு ஆளில்லை, நான் செய்கிறேன், அவ்வளவுதான் என்கிறாள். அவளை நேசிக்கும் டாக்டர் ரைடரால் இதைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. கடைசியில் விதவையான அக்கா வேறொருவரை மணந்து, பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்கே கிளம்ப முடிவெடுக்கிறாள். சுமை இறங்குகிறது. நெட்டிக்கு நிம்மதி வரவில்லை. தன்னை யாருக்கும் தேவையில்லை என்ற வெறுமைதான் முதலில் வருகிறது. திருமணத்தில் முடிகிற கதைதான். ஆனாலும் நெஞ்சில் நிற்பது அந்த வெறுமை. இதை எழுத வீட்டைத் தூக்கிச் சுமந்த அனுபவம் வேண்டும். அமைதியான அறை மட்டும் இருந்தால் நெட்டி வந்திருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஐந்து ஆண்டுகள் அவருடைய நல்ல காலம். எழுத்துக்கு நல்ல காலம் என்று சொல்கிறேன், வாழ்க்கைக்கு இல்லை. 'சேலம் சேப்பல்' பேர் வாங்கிக் கொடுத்தது. 'த பெர்பெச்சுவல் கியூரேட்' நாவலுக்கு ஜான் பிளாக்வுட் 1500 பவுண்டு கொடுத்தார். அந்த நாவல் தொடராக வந்துகொண்டிருந்தபோது, 1864 ஜனவரியில், ரோமில் மகள் மேகி இறந்தாள். பத்து வயது. அப்பாவின் கல்லறையிலேயே அவளையும் வைத்தார்கள். அந்த ஆண்டு அவர் தனக்காக எழுதிக்கொண்ட பக்கங்களில் கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடுகிறார். பக்திமான்கள் சொல்லும் ஆறுதல் எதையும் ஏற்க அவரால் முடியவில்லை.

சரி, அதற்கு அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கியது எது? 'மிஸ் மார்ஜொரிபேங்க்ஸ்'. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மகிழ்ச்சியான நாவல்களில் ஒன்று. தாயை இழந்த லூசில்லா, அப்பாவுக்கு ஆறுதலாக இருப்பதுதான் தன் லட்சியம் என்று அறிவித்துவிட்டு ஊரையே ஆளத் தொடங்குகிறாள். வியாழக்கிழமை மாலைகளில் அவள் வீட்டு வரவேற்பறையில் கூடுகிற கூட்டம்தான் அவளுடைய அரசாங்கம். ஒரு ராஜதந்திரிக்கு வேண்டிய அத்தனை திறமையும் அவளிடம் இருக்கிறது. அதைச் செலவழிக்கக் கிடைத்த இடம் ஒரு வரவேற்பறை. இதை ஆலிஃபன்ட் எங்கும் பிரசங்கமாகச் சொல்வதில்லை. நீங்களே சிரித்துக்கொண்டே படித்து வந்து ஓரிடத்தில் உணர்ந்துகொள்வீர்கள். லூசில்லாவைக் கொஞ்சம் மென்மையாக்கலாமே என்று பிளாக்வுட் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். வயிற்றுப்பாட்டுக்காகச் சொன்னபடியெல்லாம் எழுதியவர் என்ற பிம்பத்தோடு இந்த மறுப்பு பொருந்தவே இல்லை.

எதை விட்டுக்கொடுத்தார்

அப்படியானால் எதுவுமே கெடவில்லையா என்றால், கெட்டது. அதை மறைத்துப் பேசுவது அவருக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது. 'சேலம் சேப்பல்' எவ்வளவு நன்றாகத் தொடங்குகிறது! படித்த இளம் போதகர் ஒருவர், இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே நிற்கும் ஒரு சபைக்கு வருகிறார். அவருக்குச் சம்பளம் போடுவது வெண்ணெய் வியாபாரி டோசரும் அவரைப் போன்ற கடைக்காரர்களும். அறிவுக்கும் சம்பளத்துக்கும் நடுவே அந்த இளைஞர் படும் பாடு அவ்வளவு நுணுக்கமாக வருகிறது. திடீரென்று தங்கையைக் கடத்திப்போவது, துப்பாக்கிச் சூடு என்று அன்றைய பரபரப்பு நாவல்களின் சாமான்களெல்லாம் உள்ளே வந்து விழுகின்றன. சந்தை அதைக் கேட்டது, கொடுத்தார். பிற்பாடு வந்த பல நாவல்களில், ஒன்றரைப் பாகத்தில் முடியவேண்டிய கதை மூன்று பாகத்துக்கு இழுபடுகிறது. மூன்று பாக நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அதை வாங்கியவை மியூடி போன்ற வாடகை நூலகங்கள். அந்த நூலகங்களுக்கு மூன்று பாகம் வேண்டும், பதிப்பாளருக்கும் மூன்று பாகம் வேண்டும். உரிமையை மொத்தமாக விற்றுவிடுவதே பெரும்பாலும் அவருக்கு வழக்கம். ஆகவே பழைய நாவல் விற்றாலும் அவருக்குக் காசில்லை, புதியதை எழுதியே ஆகவேண்டும். இந்த ஏற்பாட்டைப் பேசாமல் அவருடைய குணத்தைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

1870ஐ ஒட்டி இன்னொரு சுமை வந்தது. மூத்த அண்ணன் தொழிலில் நொடித்து, மனைவியையும் இழந்து, பிள்ளைகளோடு இவரிடமே வந்து சேர்ந்தார். சின்னண்ணன் வில்லி குடியால் வேலையை இழந்து ரோமில் இருந்தார். அவருக்கும் இவர்தான் பணம் அனுப்பினார். தன் பிள்ளைகள் சிரில், செக்கோ இருவரையும் மேட்டுக்குடிப் பள்ளியான ஈட்டனில் படிக்கவைப்பதற்காக 1866லேயே வின்ட்சருக்குக் குடிவந்திருந்தார். இப்போது அண்ணன் மகனும் அதில் சேர்ந்துகொண்டான். அந்தச் சமயத்தில் தன் மனதில் கொஞ்சம் லட்சியம் கிளர்ந்திருந்தது என்றும், இனி அதை நினைப்பதில்லை என்று முடிவெடுத்ததாகவும் எழுதுகிறார். தன்னால் ஒரு சிறந்த நாவலை எழுத முடியும் என்றே வைத்துக்கொண்டாலும், அதைவிடப் பிள்ளைகளை நல்லவர்களாக வளர்ப்பது மேல் என்று தோன்றியதாம். தெரிந்தே எடுத்த முடிவு.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அண்ணன் மகன் பொறியியல் படித்து இந்தியாவுக்கு வேலைக்குப் போய் 1879ல் அங்கேயே இறந்தான். சிரில் ஆக்ஸ்ஃபோர்டு வரை போயும் எதிலும் நிலைக்காமல் 1890ல் இறந்தார். செக்கோ 1894ல். வசதியாக வளர்த்துத் தானே அவர்களைக் கெடுத்துவிட்டோமோ என்ற கேள்வியைத் தாய் தன்னிடமே கேட்டுக்கொள்கிறார். சிக்கனமான சின்ன வீடு, குறைந்த செலவு, குறைந்த எழுத்து என்று வாழ்ந்திருக்கலாமே என்று இன்றைக்கு நாமும் கேட்கலாம்தான். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க மனம் வரவில்லை. அவர் அதை நம்மைவிடக் கூர்மையாகக் கேட்டுவிட்டார்.

1885ல், அந்தக் காலத்தின் பெரும் நாவலாசிரியையான ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கை வரலாறு வந்தது. அதைப் படித்த பிறகுதான் மிஸஸ் ஆலிஃபன்ட் தன் கதையைத் தொடர்ந்து எழுத உட்கார்ந்தார். எனக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமையோ என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறார். விமர்சனங்கள் கூடக் கண்ணில் படாதபடி எலியட்டை அவருடைய துணைவர் லூயிஸ் பாதுகாத்து வைத்திருந்தார். 'ரொமோலா' நாவலுக்கு எலியட்டுக்குக் கிடைத்தது 7000 பவுண்டு. அவளைப் போல என்னையும் ஒரு கண்ணாடி வீட்டுக்குள் வைத்துப் பராமரித்திருந்தால் நானும் இன்னும் நன்றாக எழுதியிருப்பேனோ? ஜார்ஜ் எலியட்டோடு சேர்த்து என் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை, அது நியாயம்தான் என்றும் எழுதிவிடுகிறார். அந்த 'நியாயம்தான்' என்பதை அடக்கம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அடுத்தவர் நூல்களுக்கு மதிப்புரை எழுதியவர். எதற்கு என்ன எடை என்று அவருக்குத் தெரியும். எலியட்டின் 'மிடில்மார்ச்' என்ன உயரம் என்பதும் தெரியும்.

எழுதுவதற்கென்று அவருக்குத் தனி அறையே இருந்ததில்லை. வரவேற்பறையை ஒட்டிய சின்ன அறையின் மூலையில் ஒரு மேசை. சுற்றிலும் வீட்டுப் பேச்சு. ராத்திரி நேரம் தவிர, தொடர்ந்து இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாமல் எழுதியதாக நினைவே இல்லை என்கிறார். வீட்டாருக்கு அவர் எழுத்தில் பெருமைதான். ஆனால் உள்ளூர அது ஒரு வேடிக்கை போலவே அவர்களுக்குத் தோன்றியதாம். இதோடு 1883ல் வந்த 'ஹெஸ்டர்' நாவலைச் சேர்த்துப் படிக்கவேண்டும். கேத்தரின் வெர்னன் என்ற பெண் நொடிக்கவிருந்த குடும்ப வங்கியைக் காப்பாற்றி, நடத்தி, வக்கற்ற உறவினர்களுக்கெல்லாம் வீடு கொடுத்து வைத்திருக்கிறாள். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவளைக் கேலி செய்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும். அவள் மகனைப் போல நம்பிய எட்வர்ட் வங்கிப் பணத்தைச் சூதாட்டமாக முதலீடு செய்து ஓடிப்போகிறான். 65 வயதில் மறுபடி வங்கியைக் காப்பாற்ற உட்காருகிறாள். உழைத்துப் போடுகிற ஒருவர் மீது, அதை உண்பவர்களுக்கு உள்ளூர இருக்கும் வெறுப்பை இவ்வளவு நிதானமாக எழுதிய இன்னொரு விக்டோரியா நாவல் எனக்குத் தெரியாது. ஜார்ஜ் எலியட் தொட்ட பலவற்றை ஆலிஃபன்ட் தொடவில்லை. இதை ஜார்ஜ் எலியட் தொடவில்லை.

1896ல் வந்த 'த லைப்ரரி விண்டோ'வையும் சொல்லவேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸை நினைவூட்டும் ஓர் ஊரில், கோடைகால நீண்ட அந்தி வெளிச்சத்தில், அத்தை வீட்டு ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பழைய நூலகக் கட்டடம். அதில் ஒரு ஜன்னல் நிஜ ஜன்னலா, வெறும் பூச்சா என்று பெரியவர்கள் தர்க்கம் செய்கிறார்கள். அவளுக்கு மட்டும் அதற்குள் ஓர் அறை தெரிகிறது. அங்கே ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். தலை நிமிர்வதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை, தாளைத் திருப்பக்கூட நிறுத்துவதில்லை. பேய்க்கதை என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம்கூடத் தொடர்ந்து எழுதக் கிடைக்காதவர், பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு எழுதிய கதை என்று தெரிந்து படித்தால், அந்த அறையில் இருக்கும் ஆள் என்னைப் பயமுறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் ஏக்கம்தான் உலுக்குகிறது.

அடுத்த ஆண்டு, 1897 ஜூன் 25ல், விக்டோரியா ராணியின் வைர விழா நடந்து மூன்றாம் நாள், விம்பிள்டனில் இறந்தார். கடைசி வரை எழுதிக்கொண்டிருந்தார். பிளாக்வுட் நிறுவனத்தின் வரலாறுதான் கையில் இருந்த வேலை. தன்வரலாறு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. செக்கோ படிக்க எழுதியபோது அது வேறாக இருந்தது, இப்போது கொஞ்சம் பணம் சேர்த்துவைத்துப் போவதற்காக ஊருக்கு எழுதுகிறேன், என்னையே சில்லறையாக்கி விற்பதைப் போலிருக்கிறது என்று அதிலேயே ஓரிடத்தில் நொந்துகொள்கிறார். பணத்துக்காக எழுதியதைப் பற்றி அவர் எழுதியதில் இதுதான் மிகக் கசப்பான இடம். வுல்ஃபின் வாக்கியத்துக்கு 40 ஆண்டுகள் முன்பே அதைத் தானே சொல்லிவிட்டார்.

படிக்க விரும்புபவர்கள் 'த டாக்டர்ஸ் ஃபேமிலி'யில் தொடங்குங்கள். சின்னது, பழைய நூல்களைத் தரும் குடன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு 'மிஸ் மார்ஜொரிபேங்க்ஸ்', அப்புறம் 'ஹெஸ்டர்'. 'சேலம் சேப்பல்' நாவலில் டோசர் வரும் இடங்களை விட்டுவிடாதீர்கள். தன்வரலாற்றுக்கு மட்டும் எலிசபெத் ஜே பதிப்பித்த 1990ஆம் ஆண்டுப் பதிப்பையே தேடுங்கள். 1899 பதிப்பில் உறவினர் ஒருவர் வரிசையை மாற்றி, மேகி இறந்தபோது எழுதிய பக்கங்களைப் பெரிதும் வெட்டியிருக்கிறார். கடவுளோடு சண்டை போடும் மிஸஸ் ஆலிஃபன்ட் அதில் இல்லை.